பம்பாயில் ஏலக்காய் வாங்கப் போனேன்

என் வலது உள்ளங்கை பச்சையாக இருந்தது.

அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, பம்பாயின் மசாலாச் சந்தையில் ஒரு கடை வாசலில் நின்று, "சாயம்! சாயம்!" என்று நான் சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். தமிழில்தான். அந்த வார்த்தை அங்கே யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் கையைப் பார்த்தவர்களுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

மூட்டை சுமந்து போன ஒருவர் அப்படியே நின்றார். பாதாம் வாங்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் பையை மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்கள். கல்லாவில் உட்கார்ந்திருந்த வெள்ளைச் சட்டைப் பெரியவர், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எழுந்தார். என் பக்கத்தில் சுனந்தா. முகம் சிவந்துபோய், என் கையையும் பெரியவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கடையில் சுனந்தாவின் குடும்பம் மாமியார் காலத்திலிருந்து சாமான் வாங்குகிறது. சுனந்தாவின் மகனைத்தான் என் மகள் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினாள். அந்த வீடு எப்படி என்று பார்த்து வருவதற்காகத்தான் நான் போடியிலிருந்து போயிருந்தேன்.

பார்க்கப் போன இடத்தில் இப்படி ஒரு கூத்து.

தென்னங்கன்றும் ரயில் டிக்கெட்டும்

சில வருஷங்களுக்கு முந்தைய கோடை அது. மகள் கயல்விழி பம்பாய்க்கு வேலைக்குப் போய் நான்கைந்து வருஷம் ஆகியிருந்தது. ஊருக்குப் பெயர் மாற்றி எவ்வளவோ காலமாகிவிட்டது. என் வாயில் இன்னும் பம்பாய்தான் வருகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில், ரசத்தில் உப்புக் கூடிவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

"அம்மா, எங்கூட வேலை பாக்குறான், நிகில்னு பேரு. மராட்டிக்காரங்க. கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம்."

என் வீட்டுக்காரர் முத்தையா கோபப்படவில்லை. மறுநாள் காலை மாட்டுக்குத் தீவனம் வைத்துவிட்டு வந்து, "ஒருக்கப் போயி அந்த வீட்டப் பாத்துட்டு வரணும்ல?" என்றார். அவர் ஒரு விஷயத்துக்குப் பாதி இறங்கிவந்துவிட்டார் என்பதற்கு அதுதான் அடையாளம்.

இரண்டு பேருக்கும்தான் டிக்கெட் எடுத்தோம். கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, தேவாரத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிற எங்கள் தோட்டத்துக்குள் ஆனை இறங்கிவிட்டது. ஏழெட்டுத் தென்னங்கன்றுகளைப் பிடுங்கி, குருத்தை மட்டும் தின்றுவிட்டுப் போயிருந்தது. ருசி கண்ட ஆனை திரும்ப வரும்.

"நீ போய்ப் பாத்துட்டு வா. நான் இப்பத் தோட்டத்த விட்டு நகர முடியாது" என்றார்.

"கல்யாண விசயம்ங்க. நான் ஒருத்தியா போயி என்னத்தப் பாக்குறது?"

"முப்பது வருசம் வீடு வீடாப் போயி ஆளுகளப் பாத்தவதான நீ? ஒனக்குச் சரின்னா எனக்கும் சரி. வேணாம்னு பட்டாலும் சரி. தாட்சண்யம் பாக்காமச் சொல்லிரு."

இந்தத் தொடரை இந்த வாரம்தான் முதலில் கையில் எடுப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: நான் ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர். போடியைச் சுற்றியுள்ள ஊர்களில், மேலே குரங்கணி வரைக்கும், தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தவள். ஜீப் கிடைத்தால் ஜீப், இல்லாவிட்டால் கால். எல்லா ஊரிலும் எனக்கு ஒரே பெயர், நர்சம்மா.

வீட்டுக்காரர் சொன்னது பெருமையாகத்தான் இருந்தது. மதுரையில் ரயில் ஏறிய பிறகுதான் பயம் வந்தது. ஒரு பெண்ணின் வாழ்க்கைக்கு ஆமாம் என்றோ இல்லை என்றோ நான் ஒருத்தி சொல்ல வேண்டும். சாப்பிடக் கட்டிக்கொண்டு போன புளிச்சோறு பாதி அப்படியே இருந்தது.

மாதுங்காவில் கற்ற தமிழ்

நிகிலின் வீடு லால்பாக் பக்கம், ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில். இரண்டு அறை, ஒரு சமையலறை. எல்லா வீட்டுக்கும் பொதுவாக நீளமான ஒரு வராந்தா. போய்ச் சேர்ந்த அன்று மாலை கயல் என்னை அங்கே கூட்டிப்போனாள். வழியெல்லாம் எனக்கு ஒரே கவலை, பாஷை தெரியாமல் எதைப் பேசுவது?

கதவைத் திறந்த அம்மாள், என் வயதுதான் இருக்கும், இரண்டு கைகளையும் கூப்பி, "வாங்கோ மாமி, வாங்கோ! வெயில்ல ரொம்ப சிரமப்பட்டேளா?" என்றார்.

நான் கயலைப் பார்த்தேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். வேண்டுமென்றே சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள், கழுதை.

சுனந்தா பிறந்து வளர்ந்தது மாதுங்காவில். பக்கத்து வீடு, எதிர்வீடு, மேல்மாடி எல்லாம் பாலக்காட்டு ஐயர்கள். அவர்கள் வீட்டுக் குழந்தைகளோடு சேர்ந்தே வளர்ந்ததால் அந்த மாமிகளின் தமிழ் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஆனால் இவர்கள் கடற்கரை ஜில்லாக்காரர்கள். மீன் இல்லாமல் சாப்பாடு இறங்காது. "மாமி, கருவாடு நன்னா வறுத்திருக்கேன், இன்னும் ரெண்டு துண்டு போட்டுக்கோங்கோ" என்று அவர் சொன்னபோது எனக்குப் புரைக்கேறிவிட்டது. அப்படி ஒரு வாக்கியத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

நிகில் நல்ல பையனாகத் தெரிந்தான். தண்ணீர் ஊற்றினான், தட்டு எடுத்தான், அம்மாவைக் கேட்காமலேயே சமையலறைக்குப் போய் வந்தான்.

நிகிலின் அப்பா பிரபாகர், பட்டறையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். வாசல்வரை வந்து வரவேற்றார். அதன் பிறகு மூலை நாற்காலியில் போய் உட்கார்ந்து, மடியில் செய்தித்தாளை வைத்து, அதன் மேல் இரண்டு கைகளையும் அழுத்தி வைத்துக்கொண்டார். எங்களோடு சாப்பிடவில்லை.

"இன்னிக்கு அவருக்கு விரதம்" என்றார் சுனந்தா.

அவர் வாசலுக்கு வந்த நாலு எட்டிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. காலடி சின்னச் சின்னதாக விழுந்தது. நடக்கும்போது வலது கை வீசவில்லை, உடம்போடு ஒட்டியே வந்தது. முகத்தில் சிரிப்பு வர நேரமாயிற்று. நடுக்க நோய். ஆரம்ப நிலை தாண்டிவிட்டது. அந்தக் கைகளுக்கு அடியில் செய்தித்தாள் சலசலப்பது நன்றாகவே கேட்டது.

அவர்கள் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

ஆனால் கயலின் அறைக்குத் திரும்புகிற வழியில் பஸ்ஸில் என் மனசு ஒரு நிலையில் இல்லை. நோய் யாருக்கும் வரும். அதை ஏன் ஒளிக்கிறார்கள்? ஒளித்துக் கல்யாணத்தை முடித்துவிட்டு, நாளைக்கு என் பெண்ணை வேலையை விடச் சொல்லி, அவரைப் பார்த்துக்கொள்ள உட்கார வைப்பார்களோ? கயலிடம் கேட்டால் சண்டை வரும் என்று பேசாமல் இருந்தேன்.

மிளகாய்த் தெரு

மறுநாள் கயலும் நிகிலும் வேலைக்குப் போய்விட்டார்கள். சுனந்தா கயலின் அறைக்கே வந்து என்னைக் கூப்பிட்டார். "மாமி, சாயங்காலத்துக்கு ஸ்ரீகண்ட் பண்ணப் போறேன், தயிர்ல பண்ற ஸ்வீட். வாங்கோ, பஜாருக்குப் போலாம். எங்க ஊரையும் காட்டறேன்."

நான் பெட்டியிலிருந்து புதுச் சுங்குடிச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டேன். பச்சை, வெள்ளைப் புள்ளி. மதுரையில் ரயில் ஏறுவதற்கு முன் வாங்கியது.

அவர்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவிலேயே மசாலா இடிக்கிற இடம். தெருவின் இரண்டு பக்கமும் மிளகாய் மூட்டைகள். கருஞ்சிவப்பு, பளீர்ச் சிவப்பு, சுருங்கினது, உருண்டையானது. பெண்கள் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு பேரம் பேசுகிறார்கள். வாங்கிய மிளகாயை அங்கேயே ஒருவர் வறுத்துக் கொடுக்கிறார். பக்கத்தில் வரிசையாக இரும்பு உலக்கைகள், மின்சாரத்தில் ஓடுபவை, தொம் தொம் என்று இடிக்கின்றன. ஒரு வருஷத்துக்கான மசாலாவைக் கோடையிலேயே இடித்து வைத்துவிடுவார்களாம். நான் பதினேழு தும்மல் போட்டேன். சுனந்தா ஒன்றுகூடப் போடவில்லை.

அங்கிருந்து ரயிலில் மாதுங்கா. நம் ஊர்ச் சந்தை ஒன்றைப் பெயர்த்துக்கொண்டு வந்து வைத்தது போல் இருந்தது. வாழையிலை, சேனை, முருங்கைக்காய், கட்டுக் கட்டாகக் கறிவேப்பிலை, மல்லிகைச் சரம். பூக்காரம்மாவிடம் நான் தமிழில் விலை கேட்டேன். அவர் தமிழிலேயே என்னை ஏமாற்றினார். சுனந்தா வந்து அதைவிடச் சுத்தமான தமிழில் சண்டை போட்டு, இரண்டு முழம் கூட வாங்கிக் கொடுத்தார்.

இத்தனை தூரம் ரயிலில் வந்து முருங்கைக்காயைப் பார்ப்பதா என்று முதலில் தோன்றியது. ஆனால் ஒரு காப்பி உள்ளே போனதும் அது மாறிவிட்டது. பித்தளை டபராவில் நுரையோடு வந்தது. இரண்டு பேரும் நின்றபடியே குடித்தோம். சுனந்தா சின்ன வயதில் எந்த மாடியிலிருந்து கீழே இறங்கி ஓடி வருவார் என்று கை காட்டினார். கொஞ்ச நேரம் நான் வந்த வேலையே மறந்துவிட்டது.

பிறகு மறுபடி ரயில், மஸ்ஜித் ஸ்டேஷன். இறங்கியதுமே வாசனை. மஞ்சள், பட்டை, பெருங்காயம், உலர்ந்த திராட்சை, எங்கிருந்தோ கருவாடு. கைவண்டிகள் இடிக்காமல் நடப்பதே ஒரு வித்தை. ஒரு கடையில் பேரீச்சம்பழம் மட்டும் இருபது விதம். இன்னொரு கடையில் நம் ஊர்க் கல்பாசி மூட்டை மூட்டையாக. நான் எல்லாவற்றையும் முகர்ந்து பார்த்தேன். கடைக்காரர்கள் ஒன்றும் சொல்லவில்லை, அங்கே எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

கடைசியாக அந்த வெள்ளைச் சட்டைப் பெரியவரின் கடை. சுனந்தா அவரைச் சேட் என்று கூப்பிட்டார்.

"மாமி, ஸ்ரீகண்டுக்கு ஏலக்கா வேணும். நீங்க போடிக்காரா. நீங்கதான் எடுத்துத் தரணும்."

ஒற்றைப் பிள்ளை

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். எனக்கு ஏலக்காயைப் பற்றி ஒன்றும் தெரியாது.

போடிக்காரர்கள் என்றால் ஏலக்காயோடு பிறந்தவர்கள் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். விடியற்காலையில் ஜீப் ஜீப்பாக ஆட்கள் மேட்டுக்கு ஏறுவதையும், மூட்டை மூட்டையாகக் காய் இறங்குவதையும் நான் தினமும் பார்த்திருக்கிறேன். தரம் பிரிக்கிற கொட்டடிகளுக்கும் போயிருக்கிறேன். வரிசையாகப் பெண்கள் முறத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். நான் போனது சத்து மாத்திரை கொடுக்க. அவர்களின் கண் இமையைக் கீழே இழுத்து இரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பேனே தவிர, முறத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை.

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும் என்று எனக்கு முன்பே ஒருவர் சொல்லியிருக்கிறார். வேலைக்குச் சேர்ந்த புதிது. குரங்கணிக்கு மேலே ஒரு எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில் ஒரு கர்ப்பிணி. வயிறு கொஞ்சம் பெரிதாக இருக்கிறதே, ரெட்டையோ என்று அவள் புருஷன் கேட்டார். எனக்குச் சந்தேகம்தான். ஆனால் புது நர்ஸ், கௌரவம் விடவில்லை. "ஒத்தப் பிள்ளதான்ணே. என்னைய நம்புங்க" என்றேன்.

ரெட்டை. ஒன்று ஜீப்பிலேயே பிறந்தது, மற்றது ஆஸ்பத்திரி வாசலில். இரண்டும் ஆணும் பெண்ணுமாக நல்லபடியாகத்தான் இருந்தன. ஆஸ்பத்திரியில் அந்த மனிதர் தன் துண்டைக் கிழித்து இரண்டாவது பிள்ளையைச் சுற்றிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "தெரியலன்னா தெரியலன்னு சொல்லிருங்க நர்சம்மா. நாங்க கூட ஒரு துணி எடுத்துட்டு வந்துருப்பம்ல?"

அதற்குப் பிறகு என் வேலையில் நான் அந்தத் தப்பைச் செய்யவில்லை. ஆனால் ஏலக்காய் என் வேலை இல்லையே. சம்பந்தம் பேச வந்த இடத்தில், ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேட்கிறபோது, எனக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்வது?

வெள்ளைக் கைக்குட்டை

சேட் ஒரு தகர டப்பாவைத் திறந்தார். உள்ளே ஏலக்காய், ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தைவிடப் பெரிது. உருண்டு திரண்டு, கிளிப்பச்சையாக.

இவ்வளவு பச்சையாக ஏலக்காயை நான் பக்கத்தில் பார்த்ததே இல்லை. எங்கள் வீட்டு ஏலக்காய், மலைக்குப் போனால் அங்கே பெண்கள் பொட்டலம் கட்டித் தருவது, வெளிறியிருக்கும், வாய் பிளந்திருக்கும். சட்டென்று ஒரு வீடியோ நினைவுக்கு வந்தது. யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியது: ஏலக்காய்க்குச் சாயம் ஏற்றி விற்கிறார்கள், ஈரத் துணியில் தேய்த்தால் தெரிந்துவிடும்.

இதோ, நிபுணத்துவத்தைக் காட்ட ஒரு வாய்ப்பு.

தண்ணீர் பாட்டிலைத் திறந்து முந்தானை நுனியை நனைத்தேன். நாலு காயைக் கையில் எடுத்து, ஈர முந்தானையோடு சேர்த்து உள்ளங்கையில் வைத்துக் கசக்கினேன். கையை விரித்தால், பச்சை.

அப்போது போட்ட சத்தம்தான் நான் ஆரம்பத்தில் சொன்னது.

சேட் எழுந்து வந்தார். கோபமாக இந்தியில் ஏதோ சொன்னார். "இது அவரோட அப்பா ஆரம்பிச்ச கடை, சாயம் போட்ட சாமானைத் தொட்டதே இல்லேங்கறார்" என்று சுனந்தா சொன்னார்.

"கையில பச்ச ஒட்டிருக்குல? இதுக்கு என்ன சொல்றாரு?" என்றேன். நான் விடுகிறவளா.

சேட் சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தார். என் பாட்டிலை வாங்கி அதை நனைத்தார். டப்பாவிலிருந்து ஒரு கை காயை அள்ளி, எல்லோரும் பார்க்கத் துணியில் வைத்து நன்றாகத் தேய்த்தார். விரித்தார்.

வெள்ளை. சுத்தமான வெள்ளை.

சுனந்தா குனிந்து என் முந்தானையின் ஈர நுனியைப் பிடித்தார். மெல்லப் பிழிந்தார். சொட்டுச் சொட்டாகப் பச்சைத் தண்ணீர் கடை வாசலில் விழுந்தது.

துவைக்காத புதுச் சுங்குடி. முதல் தண்ணீரில் சாயம் போகும் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

முதலில் சிரித்தது அந்த மூட்டைக்காரர். பிறகு பாதாம் பெண்கள். பிறகு சேட், கண்ணாடி நெற்றியிலிருந்து நழுவி மூக்கில் வந்து விழுகிற அளவுக்கு. நான் இரண்டு கைகளையும் கூப்பினேன், ஒன்று பச்சை, ஒன்று சாதா. "தப்பு என் மேலதான். மன்னிச்சிருங்க ஐயா" என்றேன். அதை மொழிபெயர்க்க சுனந்தாவால் முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்து மூட்டையில் உட்கார்ந்துவிட்டார்.

சேட் எங்களுக்கு டீ வரவழைத்தார். எந்த ஊர் என்று கேட்டார். சுனந்தா சொன்னதும் மறுபடி சிரிப்பு. அந்த டப்பா ஏலக்காயே போடியிலிருந்து வந்ததுதானாம்.

பிறகு அடித் தட்டிலிருந்து இன்னொரு டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினார். வெளிறிய, வாய் பிளந்த காய்கள்.

"இதான்! இதான் எங்க வீட்டு ஏலக்கா!" என்றேன்.

அவர் தலையாட்டினார். முதல் தரமெல்லாம் அப்படியே லாரி ஏறி இங்கேயும், கடல் தாண்டியும் போய்விடும். கழித்ததுதான் ஊரில் தங்கும் என்றார். மலையில் எனக்கு ஆசையாகப் பொட்டலம் கட்டிக் கொடுத்த பெண்களும் தங்களுக்குக் கிடைத்ததைத்தான் கொடுத்திருக்கிறார்கள். ஊரின் நல்ல ஏலக்காயைப் பார்க்க நான் பம்பாய் வரை வரவேண்டியிருந்தது. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் வரவில்லை. ஒரு காயை உரித்து வாயில் போட்டுக்கொண்டேன். அடேயப்பா.

"ஸ்ரீகண்டுக்கு எதை எடுக்கறது மாமி?" என்று கேட்டார் சுனந்தா.

"தெரியலங்க. அவரையே குடுக்கச் சொல்லுங்க" என்றேன்.

கரும்புச் சாறு

ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் கரும்புச் சாறு பிழிகிற கடையில், மரப்பெஞ்சில் உட்கார்ந்தோம். கையைக் கழுவியும் ரேகையெல்லாம் பச்சையாகவே இருந்தது.

சுனந்தா சாற்றைக் குடிக்காமல் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பெல்லாம் அடங்கியிருந்தது.

"மாமி, நீங்க கூசாம தெரியலேன்னு சொல்லிட்டேள். நேக்கும் ஒண்ணு சொல்லணும். காலம்பறலேந்து வாய் வரைக்கும் வரது, முழுங்கிடறேன்."

"சொல்லுங்க."

"நேத்து விரதம்னு சொன்னது பொய். அவருக்குக் கை நடுக்கம். நாலு வருஷமா. மருந்து சாப்பிடறார். ஆனா ஸ்பூன் பிடிச்சா சிந்திடும்."

"தெரியும்" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். "கயல் சொன்னாளா?"

"யாரும் சொல்லல. அவரு வாசலுக்கு நடந்து வந்தாருல, அப்பவே தெரிஞ்சுச்சு."

"ஏலக்கா தெரியலை, இது தெரிஞ்சுதா?" என்று கேட்டு, சிரிக்கப்போய் அழுதுவிட்டார். கரும்புக் கடைக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அவர்தான் சொன்னார். பொண்ணோட அம்மா வந்து போற வரைக்கும் நான் கையை மறைச்சுக்கறேன், என்னால பிள்ளை கல்யாணம் நிக்கப்படாதுன்னு. கயலுக்கு எல்லாம் தெரியும். உங்ககிட்ட சொல்லாதேன்னு அவகிட்டயும் கேட்டுண்டார். நேத்து நீங்க போனப்புறம்தான் சாப்பிட்டார்."

எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. ஒரு மனிதர் தன் வீட்டிலேயே, தன் மனைவி வறுத்த மீன் வாசனையில், எனக்குப் பயந்து பசியோடு உட்கார்ந்திருந்திருக்கிறார். நான் கருவாட்டை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன்.

ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்காமல் வர முடியாது. வீட்டுக்காரர் தாட்சண்யம் பாக்காதே என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

"ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனைக்காதீங்க. இந்த நோய் கூடத்தான் செய்யும். நாளைக்கு எம் மகள வேலைய விட்டுட்டு அவரப் பாத்துக்கோன்னு சொல்லுவீங்களா?"

சுனந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"அவர் என் ஆத்துக்காரர். நான் பார்த்துப்பேன். நிகில் பார்ப்பான், இப்பவே குளிப்பாட்டறது அவன்தான். கயல் ஆபீஸ் போவா. ஆனா மாமி, நேக்கு உடம்பு முடியாம ஒரு நாள் படுத்துண்டா, அவ ஒரு வாய் தண்ணி குடுப்பாளான்னு கேட்டா, குடுக்கணும்னு ஆசைதான். அந்த ஆசை இல்லேன்னு நான் பொய் சொல்லமாட்டேன்."

இதைவிட நேர்மையான பதில் எனக்கு எங்கே கிடைக்கும்? சேர்ந்தாற்போல் நாலு உறுதிமொழி கொடுத்திருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

"தண்ணி குடுக்காட்டி அவ எம் மகளே இல்ல" என்றேன். "சாறக் குடிங்க, சூடாகுது. வெரசாப் போவோம். எனக்கு வீட்டுல ஒரு சோலி இருக்கு."

ஸ்ரீகண்ட்

சோலி இதுதான். சாயங்காலம் தட்டுப் போட்டபோது நான் உட்காரவில்லை. பிரபாகரின் நாற்காலிக்குப் போய், மடியிலிருந்த செய்தித்தாளை எடுத்து மடித்து வைத்தேன். "அண்ணே, நீங்க வந்தாத்தான் நான் சாப்பிடுவேன்" என்றேன். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எழுந்தார்.

சமையலறையில் துழாவி, அடி கனமான குழிக் கிண்ணம் ஒன்றையும் கைப்பிடி தடித்த கரண்டி ஒன்றையும் எடுத்து வந்தேன். கனமாக இருந்தால் நடுக்கம் கொஞ்சம் அடங்கும். முழங்கையை மேசையில் ஊன்றிக்கொள்ளக் காட்டிக் கொடுத்தேன். தம்ளரில் பாதிதான் தண்ணீர்.

ஸ்ரீகண்ட் என்றால் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, நீரை வடித்து, சர்க்கரை போட்டுக் குழைப்பது. மேலே குங்குமப்பூ, பொடித்த ஏலக்காய். அவர் முதல் கரண்டியை எடுத்தார். பாதி சிந்தியது. யாரும் துடைக்க எழவில்லை. இரண்டாவது கரண்டி வாய்க்குள் போயிற்று. என்னைப் பார்த்தார். நிதானமாக, அந்த நோய் விடுகிற வேகத்தில், சிரிப்பு வந்தது.

அப்போதுதான் கயலும் நிகிலும் உள்ளே நுழைந்தார்கள். அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்து நிகில் ஒரு காலில் ஷூவோடு அப்படியே நின்றுவிட்டான். கயல் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவள் அழுகிறாள் என்று சேலை ஈரமானபோதுதான் தெரிந்தது.

வராந்தாவுக்கு வந்து வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். கீழே தெருவில் இன்னும் உலக்கைச் சத்தம். எல்லாவற்றையும் சொன்னேன், நோயையும் சேர்த்து. சேலைக் கதையை மட்டும் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்காரர் கேட்டார்.

"அந்தம்மா தனியாவா அவரப் பாத்துக்கிடுது?"

"மகன் ஒத்தாசையா இருக்கான். ஆனா பகல் பூரா தனியாத்தான்."

"அப்ப நம்ம பிள்ள அங்க இருக்கறது நல்லதுதான" என்றார். "ஒனக்கு எப்படிப்படுது?"

"எனக்குச் சரிங்க."

"அப்பச் சரி."

அவ்வளவுதான். முப்பத்தைந்து வருஷம் வாழ்ந்ததில் என்னிடம் அவர் இதைவிடப் பெரிய வார்த்தை எதுவும் பேசியதில்லை என்று எனக்குத் தோன்றியது.

உள்ளே போனேன். சுனந்தா சமையலறையில் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்று, துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன்.

"கொண்டாங்க மதினி, அந்தக் கிண்ணத்த" என்றேன்.

"மதினியா? மதினின்னா என்ன?"

வாசலில் நின்ற கயல்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "அண்ணன் பொண்டாட்டி. எங்க ஊர்ல சம்பந்தி அம்மாவ அப்படித்தான் கூப்பிடுவாங்க."

சுனந்தா குழாயை மூடினார். "ஓ, மன்னி!" என்றார். அதற்குப் பிறகுதான் சம்பந்தி என்ற வார்த்தை அவருக்குள் போய்ச் சேர்ந்தது. சோப்பு நுரைக் கையோடு என்னைக் கட்டிக்கொண்டு, வீட்டுக்குள் பார்த்து மராட்டியில் பெரிய சத்தமாக ஏதோ சொன்னார். அறைக்குள்ளிருந்து பிரபாகர், ஒரு வார்த்தையை இரண்டு தடவை முயன்று, பதில் கொடுத்தார்.

"என்னவாம்?" என்று கயலைக் கேட்டேன்.

"இன்னும் ஒரு கிண்ணம் ஸ்ரீகண்ட் வேணுமாம், அம்மா" என்றாள்.